மயக்க டாக்டர் கொடுத்த காகிதம்

ஜூன் 3, திங்கள்

மாடி வீட்டுத் தையற்காரி தலையணை உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு கேட்டிருந்தேன். மூன்றுதான் தைத்திருக்கிறாள். நான்காவதுக்குத் துணி பற்றவில்லையாம். அளந்து கொடுத்தது நான். பற்றாமல் எங்கே போகும்? முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணிக்கொண்டு போகும். இருந்தாலும் முப்பது வருஷமாக நோட்டு எழுதுகிறேன். யார் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எந்தத் தேதி. "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று பின்னால் யாரும் என்னிடம் கேட்க முடியாது. சின்னவள் இதைப் போலீஸ் நோட்டு என்பாள்.

சின்னவள் என் தங்கை. எனக்கு எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தாறு. இரண்டு பேருக்கும் புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. அவளுக்குப் பிள்ளை கிடையாது. என் மகன் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறான். பேத்தி வெளியூரில் வேலை, ஞாயிறு தவறாமல் போன் வரும். இந்த இரண்டு அறை வீட்டில் பதினாலு வருஷமாக நானும் அவளும்தான்.

தையற்காரி என்னவோ சொல்ல, சின்னவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "ஏன் எப்பவும் வாயை மூடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள் அவள். விடுவேனா? பதினோரு வருஷத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தபோது, மயக்க மருந்து கொடுத்தவன் தொண்டையில் குழாயைத் திணிக்கிறேன் என்று முன்பல்லை உடைத்த கதையைச் சொன்னேன். "ஒரு மன்னிப்புகூடக் கேக்கல அந்த ஆளு" என்று முடித்தேன்.

"இந்தக் கதைக்கு டிக்கெட் போட்டா வீட்டு வாடகை கட்டிடலாம்" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு இருமினாள். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜூன் 5, புதன்

சின்னவளுக்குக் காய்ச்சல். இருமும்போது விலாவைப் பிடித்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"போனா மிச்சப் பல்லையும் உடைப்பானுங்க. நீதானே சொல்லுவ."

"அது ஆபரேஷன். இது காய்ச்சல். ஊசி போட்டு அனுப்பிடுவாங்க."

"நீ போய்ப் போட்டுக்க."

பிடிவாதம். எங்கள் அம்மாவின் பிடிவாதம் முழுக்க அவளுக்குப் போயிற்று. எனக்கு அம்மாவின் மூக்கு மட்டும்.

ஜூன் 6, வியாழன்

சாப்பிடவில்லை. வெந்நீர் மட்டும்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் குளியலறைக்கு எழுந்தவள் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பத்தடி நடக்கவில்லை, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேசச் சொன்னேன். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "ஒண்— ணுமில்ல" என்றாள்.

மகனுக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் இருந்த பெண் அவள் விரலில் ஒரு கவ்வியை மாட்டிப் பார்த்துவிட்டு டிரைவரை வேகமாகப் போகச் சொன்னாள். கவ்வியில் எழுபத்தெட்டு என்று ஓடியது. நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. நேராக ஐசியூவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு பையில் அவள் செருப்பையும் சீப்பையும் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம். அவள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 8, சனி

ஐசியூவுக்குள் காலை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம், மாலை ஐந்துக்குப் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் இரும்பு நாற்காலி. மகன் உட்கார்வான், போன் வரும், எழுந்து போவான்.

சின்னவளுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி ஒரு முகமூடி. நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் மெஷின் காற்றை உள்ளே தள்ளுகிறது. முகமூடி அழுத்தி மூக்குத்தண்டு புண்ணாகாமல் இருக்க உயரமான நர்ஸ் ஒருத்தி பஞ்சுப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். முகமூடியோடு பேச முடியாது. சின்னவள் விரல்களால் குமிழைத் திருகுவது போலக் காட்டினாள். வீட்டு காஸை மூடினாயா என்று கேட்கிறாள். மூடினேன் என்று தலையாட்டினேன்.

ஐசியூ டாக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவாள். மனதுக்குள் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா, மயக்க மருந்தில் தொந்தரவு வந்ததா என்று கேட்டாள்.

"பித்தப்பை ஆபரேஷன். அப்பத்தான் பல்லை—" என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, இங்க வந்து அந்தப் பல்லுக் கதையை எடுக்காதீங்க" என்றான் மகன். டாக்டரிடம், "அவங்க பழசையே பேசுவாங்க மேடம்" என்று சிரித்தான். அவளைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

மகன் தடுத்தான், அதனால் விட்டேன் என்று எழுதினால் பொய். யார் தடுத்து நான் நிறுத்தியிருக்கிறேன்?

ஜூன் 9, ஞாயிறு

இரவில் இருக்க இடம் கிடையாது, வீட்டுக்குப் போ என்கிறார்கள். வந்தேன். விளக்கைப் போட்டேன். டிவியைப் போட்டேன், அணைத்தேன். சண்டை போட ஆள் இல்லாத வீடு என்ன வீடு. அவள் கட்டில் கலைந்தபடி கிடக்கிறது. சரிசெய்ய மனம் வரவில்லை. சரிசெய்தால் அவள் வரமாட்டாள் என்பது போல— இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். எனக்கே தெரியும்.

பேத்தி போன் செய்தாள். "நீங்க சாப்பிட்டீங்களா பாட்டி?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது எழுத வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மார்ச் 14, அந்த மயக்க டாக்டர் வார்டுக்கு வந்தான். ஒல்லி. கையில் ஒரு காகிதம். "உங்க தங்கச்சி தொண்டை அமைப்பு கஷ்டம்மா. குழாய் மூணு தடவை போகல. இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தப் பேப்பரை முதல்ல காட்டுங்க" என்றான். ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லை உடைத்தது இவன். குற்றம் என் தங்கை தொண்டையின் மேலா? நாளைக்கு நாங்கள் புகார் கொடுத்தால் தப்பித்துக்கொள்ள இன்றைக்கே எழுதி நீட்டுகிறான் என்று நினைத்தேன். நினைத்தது என்ன, முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடி அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். சின்னவள் ஒரு தடவை, "அந்த டாக்டர் ஏதோ பேப்பர் குடுத்தாரே?" என்று கேட்டாள். பில்லு, கட்டியாச்சு என்றேன். மகனிடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு காகிதமும் தரவில்லை என்றேன்.

அந்த ஆஸ்பத்திரி இன்று கிடையாது. அந்த இடத்தில் மரச்சாமான் கடை இருக்கிறது. பழைய ரிக்கார்டு என்று தேடிப் போக ஓர் இடமும் இல்லை. அந்தக் காகிதத்தில் இருந்தது இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

முகமூடி போதும் என்றுதானே சொல்கிறார்கள். போதுமாக இருக்கட்டும். அப்படியானால் யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஜூன் 10, திங்கள்

போதவில்லை.

பதினொரு மணிக்குக் கண்ணாடிக்காரி எங்களைக் கூப்பிட்டாள். "மூணு நாளா மூச்சுக்குப் போராடிப் போராடி அவங்க களைச்சுட்டாங்க. மத்தியானத்துக்குள்ள குழாய் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும்" என்றாள். மகன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். பல்லுக் கதை மாதிரித்தான் இருக்கும்."

"அம்மா" என்றான் மகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. டாக்டரம்மா, அப்ப அவளுக்குக் குழாய் போகல. மூணு தடவை போட்டும் போகல. மயக்க டாக்டர் எழுதிக் குடுத்தார். எங்க போனாலும் காட்டச் சொன்னார். நான் கிழிச்சுட்டேன்."

கண்ணாடிக்காரி நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். மகன், "பேப்பரே குடுக்கலன்னீங்களே?" என்றான்.

"அப்படித்தான் சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையைத் தேதியோடு எழுதிக்கொள்கிறேன். என் நோட்டில் எனக்கு எதிராகச் சாட்சியோடு எழுதும் முதல் வரி இதுதான்.

டாக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். எத்தனை தடவை? மூன்று. கடைசியில் எப்படிப் போயிற்று? மூக்கு வழியாக, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு. "நடுவுல, முகமூடி வச்சுக் காத்து அடிச்சாங்களே, அது உள்ள போச்சா? அதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அது எனக்கு ஞாபகம் இல்லை.

என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததே கிடையாது. அவன் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் நிறம் ஞாபகம் இருக்கிறது. இது இல்லை.

"நோட்டுல இருக்கும்" என்றேன். "வீட்ல. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரத்துல கொண்டு வருவீங்க?"

"ஒரு மணி நேரம்."

"முக்கால் மணில வந்துடுங்க" என்றாள். பிறகு ஏன் என்று சொன்னாள். சாதாரணமாகத் தூங்க வைத்து, உடம்பைத் தளர்த்திவிட்டு, அப்புறம் குழாய் போடுவார்களாம். தூங்க வைத்தால் சொந்த மூச்சு நின்றுவிடும். "அந்த நேரத்துல குழாயும் போகாம, முகமூடியில அடிக்கிற காத்தும் போகாம இருந்தா..." அப்படித்தான் தூங்க வைக்க ஊசியெல்லாம் தயாராக எடுத்து வைத்திருந்தார்களாம்.

மகன் வண்டியில் வீட்டுக்குப் போனோம். கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியை நானே இழுத்தேன். அந்த வருஷத்து நோட்டு பச்சை அட்டை. படியில் இறங்கும்போதே பிரித்துப் படித்தேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"மார்ச் 14. பல்லை உடைத்தவன் வந்தான். மூணு தடவை குழாய் போகலையாம். வழியே கண்ணுக்குத் தெரியலையாம். முகமூடியில் காத்து அடித்தால் அதுவும் போகலையாம், ரெண்டு பேர் சேர்ந்து முகமூடியை அழுத்திப் பிடித்த பிறகுதான் போச்சாம். நாங்களே பயந்துட்டோம் என்றான். நாலாவது தடவை மூக்கு வழியாகக் கேமரா. பல் உடைந்ததுக்கு என் கையைப் பிடித்து மன்னிச்சிடுங்கம்மா என்றான். நடிப்பு. பேப்பர் கொடுத்தான். கிழித்தேன்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். மகன் என்ன ஆயிற்று என்று கேட்டான். முட்டி வலி என்றேன்.

கண்ணாடிக்காரி அந்தப் பக்கத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "நடிப்பு" என்ற இடத்திலும் அவள் கண் போயிருக்கும். விரலை வைத்து "ரெண்டு பேர் சேர்ந்து" என்பதை மட்டும் பக்கத்திலிருந்த டாக்டருக்கு வாசித்துக் காட்டினாள். உடனே எல்லாம் மாறியது. தூங்க வைக்கப் போவதில்லை. விழித்தபடியே, சொந்த மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொண்டையை மரத்துப்போக வைத்து, மூக்கு வழியாகக் கேமராவில் பார்த்துக்கொண்டே குழாயை இறக்கப் போகிறார்கள். அதுவும் தவறினால் கழுத்தைத் திறந்து வழி செய்யத் தொண்டை ஆபரேஷன் டாக்டர் கத்தியோடு பக்கத்தில் நிற்பாராம்.

"அவங்க பயந்துபோயிருக்காங்க. நீங்க ரெண்டு நிமிஷம் பேசுங்க" என்று என்னை உள்ளே விட்டார்கள்.

அவள் கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வெட்ட நேர்ந்தால் வெட்டும் இடம். அந்தக் கோட்டைப் பார்க்காமல் பேச எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மூச்சுக்குத் தவிக்கிறவளிடம் என் பாரத்தை இறக்கி வைப்பதா?

"அவங்க சொல்றதைக் கேளு. மூச்சை இழுக்கச் சொன்னா இழு. விடச் சொன்னா விடு. என்கிட்ட காட்டுற பிடிவாதத்தை இங்க காட்டாத."

அவள் முகமூடிக்கு மேலே விரலை வைத்து, பல் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். கண்ணில் கேள்வி.

"பல்லுக்கு ஒண்ணும் ஆகாது. மூக்கு வழியாத்தான்."

மூன்றரைக்கு உயரமான நர்ஸ் வெளியே வந்தாள். "போயிடுச்சு பாட்டி. முதல் தடவையே."

நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

அவன்— அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். என் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். பதினோரு வருஷம் எத்தனை பேரிடம் "ஒரு மன்னிப்புகூடக் கேக்கல" என்றேன்? பொய் சொல்கிறேன் என்று நினைத்துச் சொல்லவில்லை. அப்படித்தான் ஞாபகம் இருந்தது. என் ஞாபகத்தைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமை என்ன. எனக்கு வலித்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்கு ஞாபகம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மூன்று தடவை குழாய் போகாமல், காற்றும் போகாமல், அவர் கையில் ஓர் உயிர். அன்றைக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும். நான் பல்லைப் பார்த்தேன்.

ஜூன் 13, வியாழன்

சின்னவளைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். நுரையீரலின் முதுகுப் பக்கம் காற்று போக அப்படிச் செய்வார்களாம். ஒரு நாளில் பதினாறு மணி நேரம். புரட்ட ஆறு பேர் வேண்டும், அதில் ஒருவருக்குத் தலைமாட்டில் நின்று குழாயைப் பிடிப்பது மட்டும்தான் வேலை. கட்டிலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஆங்கிலப் பலகை மாட்டியிருக்கிறது. நர்ஸிடம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்: "தொண்டை வழி மிகக் கடினம். குழாய் நழுவினால் உடனே மூத்த மருத்துவரை அழைக்கவும்."

நான் கிழித்ததை அவர்கள் பெரிதாக எழுதி மாட்டிவிட்டார்கள்.

முகம் பக்கவாட்டில், வீங்கி, வேறு யாரோ மாதிரி இருந்தாள். காது மட்டும் அவளுடையது. அந்தக் காதிடம் இன்றைய செய்தியைச் சொன்னேன். தையற்காரி நான்காவது உறையைத் தைத்துக் கொடுத்துவிட்டாள், துணி மெஷினுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். பழைய பக்கத்தை எடுத்து அதையும் எழுத வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

மகன் ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்கிறான்.

ஜூன் 16, ஞாயிறு

"பாட்டி, அப்பா சொன்னாரு" என்றாள் பேத்தி போனில். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் துண்டித்தேன். அவள் திரும்பவும் போட்டாள். "லைன்லதான் இருந்தேன்" என்றாள்.

ஜூன் 19, புதன்

இனிக் குப்புறப் போட வேண்டாமாம். மயக்க மருந்தைக் குறைத்தார்கள். மாலை ஐந்துக்குப் போனபோது கண் திறந்திருந்தது. என்னைத் தேடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் கிடக்கும்வரை குரல் வராது. கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டாள். நான் செய்தது இன்னும் தெரியாத கை. அதைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படவும் கூசியது.

ஜூன் 21, வெள்ளி

குழாயை எடுத்துவிடலாமா என்று சோதனை. குழாயைச் சுற்றி உள்ளே ஒரு சின்னப் பலூன் இருக்கிறதாம். அதிலிருந்து காற்றை இறக்கிவிட்டு, குழாய்க்கு வெளிப்பக்கமாக மூச்சு கசியும் சத்தம் வருகிறதா என்று கேட்கிறார்கள். வந்தால் தொண்டை வீங்கவில்லை என்று அர்த்தம்.

சத்தம் வரவில்லை.

"இன்னைக்கு எடுத்தா, தொண்டை அடைச்சுக்கிட்டா, திரும்பப் போடுறது இவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். வீக்கம் குறைய மருந்து குடுத்து நாளைக்குப் பார்ப்போம்" என்றாள் கண்ணாடிக்காரி. தெரியாமல் இருந்திருந்தால் இன்றே எடுத்திருப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதிலைத் தாங்கும் தெம்பு இல்லை.

ஜூன் 22, சனி

உயரமான நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டாள். "கேளுங்க பாட்டி." பலூனில் காற்றை இறக்கினார்கள். சின்னவள் தொண்டையிலிருந்து ஈரமான சத்தம் ஒன்று கரகரவென்று வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து வந்த முதல் சத்தம். திட்டு மாதிரித்தான் கேட்டது.

மதியம் குழாயை எடுத்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டால் அதன்மேலேயே திரும்பக் குழாயை இறக்கலாம் என்று ஒரு மெல்லிய குழாயை உள்ளேயே விட்டு வைத்து, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அதையும் உருவினார்கள். அந்த இரண்டு மணி நேரமும் தொண்டை டாக்டர் வேறெங்கும் போகவில்லை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

தானாக மூச்சு விடுகிறாள்.

ஜூன் 26, புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். கண்ணாடிக்காரி வந்து தொண்டையைப் பற்றிப் புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். என்னிடம் நீட்டி, ஒரு கணம் நிறுத்தி, மகனிடம் கொடுத்தாள். சரிதான்.

சின்னவளுக்கு இன்னும் கிசுகிசுப்புத்தான். "என்ன பேப்பர்?" என்றாள். மகன் என்னைப் பார்த்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டான்.

சொன்னேன். மார்ச் 14, சமையலறை, குப்பைக்கூடை, பில்லு என்று சொன்ன பொய், மன்னிப்புக் கேட்டவரைக் கேட்கவில்லை என்றது. ஒன்றையும் மறைக்கவில்லை. உன்னை நினைத்துத்தான் கிழித்தேன், உன் தொண்டையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்குமா என்றும் ஒரு வரி வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள்.

"என் தொண்டையைப் பத்தின பேப்பர்."

"ஆமா."

"எனக்குக் குடுத்தது."

"ஆமா."

"இத்தன வருஷம் என் வாயைக் காட்டிக் காட்டி ஊருக்கெல்லாம் கதை சொன்ன." மூச்சு வாங்கியது. நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். "அந்தக் கதையை மட்டும் சொல்லல."

தண்ணீர் வேண்டும் என்று கை காட்டினாள். தம்ளர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தேன். அவள் நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஜூலை 4, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். மகன் கையைப் பிடித்து மூன்று இடத்தில் நின்று படியேறினாள். கட்டிலைச் சரிசெய்து வைத்திருந்தேன். படுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். உப்பு குறைந்தால் சுவரிடம் சொல்கிறாள்.

அவள் ஐசியூவில் கிடந்தபோது சண்டை போட ஆள் இல்லாத வீடு என்ன வீடு என்று எழுதியிருந்தேன். காலி வீடு என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

தூங்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினெட்டு. நர்ஸ் சொன்னாள், இருபதுக்குள் இருந்தால் நல்லது. கண்ணைத் திறக்காமலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். விழித்துத்தான் இருந்திருக்கிறாள்.

ஜூலை 21, ஞாயிறு

பேத்தியோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். குரல் முன்னைப் போல இல்லை, உலர்ந்த இலைமேல் நடப்பது மாதிரி இருக்கிறது. நான் அடுத்த அறையில் துணி மடித்தேன். மடித்த துணியையே பிரித்துத் திரும்பவும் மடித்தேன், பேச்சு முடியும்வரை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் யாரிடமும் பேசாமல் இருந்த நாட்கள், இந்த நோட்டுகளில் உள்ளபடி: நாத்தனாரிடம் ஆறு வருஷம். எதிர்வீட்டுக்காரியிடம் இரண்டு வருஷம். மகனிடம் ஒரு தடவை ஒன்பது மாசம். எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தையற்காரி உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தாள். சின்னவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றேன்.

"என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் சின்னவள். இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறாள். எதிர்வீட்டுக்காரிக்கு, பால்காரனுக்கு, மகனுக்கே இரண்டு தடவை. "என் உயிரைக் காப்பாத்துற பேப்பரை எங்க அக்கா என்ன பண்ணா தெரியுமா? அந்த டாக்டர் முகத்துக்கு நேரா நார் நாராக் கிழிச்சு எறிஞ்சா."

முகத்துக்கு நேராக இல்லை. வீட்டில். சமையலறையில். நார் நாராகவும் இல்லை, குறுக்கே இரண்டு தடவை, அவ்வளவுதான். தேதி, இடம், எல்லாம் என்னிடம் இருக்கிறது. போன வாரம் சொன்னபோது காலில் போட்டு மிதித்ததாகவும் சொன்னாள்.

தையற்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். உண்மையா என்று கேட்கும் பார்வை. நான் தலையாட்டினேன்.

"அப்புறம் குழாய் போடுற அன்னைக்கு, கழுத்துல கோடு போட்டுட்டானுங்க" என்றாள் சின்னவள். அங்கே மூச்சு கொஞ்சம் வாங்கியது, நிறுத்தினாள். தையற்காரி இதுதான் சமயம் என்று தம்ளரைக் கீழே வைத்தாள். "கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்று எழுந்தாள்.

நான் அவசரமாக உள்ளே போய், மிச்சமிருந்த டீயைக் கொண்டுவந்து அவள் தம்ளரில் ஊற்றினேன்.

"உக்காருங்க" என்றேன். "அவ இன்னும் முடிக்கல."